மாஸ்டர் வளையத்துக்கு வைத்த பொட்டு

அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே மாதச் சம்பளம் கொடுக்கிற தொழில் ஒன்று உண்டு. அதற்குக் குவாலிட்டி என்று பெயர். இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற நாத்தனார்களை ஊரே திட்டும். எங்களைக் கம்பெனிக்குள் மட்டும்தான் திட்டுகிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

என் பெயர் ஆரோக்கியமேரி. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குழாய்த் துண்டு. பம்புக்குள் சுழலும் தண்டின் மேல், விரலில் மோதிரம் போல, போய் உட்காரும். அதன் உள் ஓட்டை அளவாக இருந்தால் அப்படி ஒன்று இருக்கிற நினைப்பே யாருக்கும் வராது. அளவு தப்பினால் எல்லோருக்கும் என் நினைப்பு வரும்.

வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகக் காலம் தள்ளுகிற சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புலம்பல் என்றுதான் ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் நன்றிக் கடிதமாக வந்து நிற்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் காலம்

ஆரம்ப வருஷங்களில் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் உள்ளூர் பம்பு மெக்கானிக்குகள். பண்ருட்டி, புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து பைக்கில் வருவார்கள். வரைபடமெல்லாம் கிடையாது. தேய்ந்துபோன பழைய ஸ்லீவ் ஒன்றைக் கையில் கொடுத்து இதே மாதிரி வேண்டும் என்பார்கள். தேய்ந்ததைப் போலவே செய்ய வேண்டுமா, தேய்வதற்கு முன்னால் இருந்ததைப் போலச் செய்ய வேண்டுமா என்று நான் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

நான் டிப்ளமோ முடித்த சூட்டோடு சேர்ந்தவள். முதல் மாதமே ஸ்ரீமுஷ்ணத்து மெக்கானிக் ஒருவருக்குப் போக வேண்டிய ஆறு ஸ்லீவில் இரண்டை அளவு சரியில்லை என்று நிறுத்திவைத்தேன். மனிதர் மத்தியான வெயிலில் வந்திருந்தார். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி என்று அவருக்கு மூச்சு விடாமல் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் அந்த இரண்டையும் என் மேஜையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“டைட்டா இருந்தா தட்டிக்கிறேன், லூசா இருந்தா டேப்பு சுத்திக்கிறேன். இதுக்குன்னு நீ வெயில்ல வெளிய வராதம்மா.”

தினத்தாளில் சுற்றிய பத்து

எங்கள் முதலாளி சண்முகம் ஒருமுறை சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனார். அங்கே ஜப்பான் பம்பு கம்பெனிக்காரர்களின் மேஜை முன்னால் நின்று, காபி குடித்து, கார்டு கொடுத்துவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து அவர்களிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி முடியும் என்று பதில் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் வரைபடத்தை எங்களிடம் காட்டினார்.

எங்களிடம் என்றால் என்னிடமும் போர்மேன் சபாபதி அண்ணனிடமும். அவர் சிதம்பரம் கீழவீதிக்காரர். மூன்றடுக்குக் கேரியரோடு தினமும் ரயிலில் வருவார். இரண்டு அடுக்கு அவருக்கு, ஒரு அடுக்கு எனக்கு என்பது அவர் வீட்டம்மா போட்ட கணக்கு. அந்த வரைபடத்தில் பாதிக் குறிகள் எங்கள் இருவருக்கும் தெரியாது. புத்தகம் வாங்கி, வீடியோ பார்த்து, பாலிடெக்னிக் வாத்தியாரை போனில் பிடித்து, ஒவ்வொரு குறியாகப் படித்தோம். உள் ஓட்டை பதினைந்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டு போட்டால் ஒரு துண்டுதான் மைக்ரான். டேப் சுற்றுகிற வேலைக்கே அங்கே இடமில்லை.

பத்து சாம்பிள் செய்வதற்குள் நாற்பது ஸ்லீவைப் பாழாக்கினோம். தேறிய பத்துக்கும் சபாபதி அண்ணன் தன் கையால் எண்ணெய் தடவி, எப்போதும் செய்வது போலத் தினத்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அவை ஜப்பான் போய்ச் சேர்ந்ததும் அங்கே குவாலிட்டி பார்க்கிற மொரிதா என்பவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. எங்கள் பளபளப்பான ஸ்லீவின் மேல், எண்ணெயில் ஊறின மை ஒட்டிக்கொண்டு, தலைகீழாக, பாதி அழிந்துபோன தங்கம் விலைச் செய்தி.

“அளவு நன்றாக இருக்கிறது. மேலே இருக்கும் கறுப்பு எழுத்து உங்கள் லாட் நம்பரா? எங்களால் படிக்க முடியவில்லை.”

ஏசி இடம் மாறியது

அடுத்த மெயிலில் நிபந்தனை வந்தது. தொடர்ந்து மூன்று லாட், அதாவது மூன்று தவணைச் சரக்கு, ஒரு பீஸ்கூடத் தப்பாமல் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வருஷ ஆர்டர். தப்பினால் வணக்கம். இந்த மூன்று என்கிற எண் அதற்கப்புறம் எங்கள் எல்லோருடைய தூக்கத்திலும் வந்து போனது.

முதல் லாட்டுக்கே சித்திரை வெயில் குறுக்கே நின்றது. இரும்பு சூட்டில் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் மத்தியானம் நான் பாஸ் போட்ட ஸ்லீவ் மறுநாள் காலையில் பத்து மைக்ரான் சுருங்கியிருந்தபோதுதான் அது நிஜம் என்று எனக்கு உறைத்தது. அளக்கிற அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்று மொரிதா எழுதியிருந்தார். கடலூரில் மே மாதத்தில் இருபது டிகிரி. படித்துவிட்டு சபாபதி அண்ணனும் நானும் சிரித்தே விட்டோம்.

கம்பெனி முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு ஏசி, அது முதலாளி அறையில் இருந்தது. நான் கேட்கவே இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பியதோடு சரி. மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் அந்த ஏசியை என் அளக்கும் அறையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வேர்த்த சட்டையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணே, உங்களுக்கு என்று நான் இழுத்தேன். அன்றைக்கு அவர் சொன்னதற்காக இன்றைக்கும் அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை, போனஸ் மாதத்தைத் தவிர.

“நான் வேர்த்தா எவனும் ரிஜெக்ட் பண்ண மாட்டான். நீ கதவச் சாத்து.”

ஜப்பானுக்குப் போன வலை

முதல் லாட் போவதற்கு முன்னால் மொரிதா நேரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. வந்ததும் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, மெஷின் ஓட்டுகிற குமரேசன் பக்கத்தில் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குமரேசன் புவனகிரிக்காரன், வாய் ஓயாதவன். அன்றைக்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் மெஷின் ஓட்டினான். பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி இருக்குதுக்கா என்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து என்னிடம் அழுதான்.

சாயங்காலம் மொரிதா ஒரே ஒரு குறைதான் சொன்னார். முடிந்த ஸ்லீவுகளைப் பெட்டியில் போடும்போது ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, விளிம்பில் பொடிப் பொடியாக நசுங்குகின்றன. இதற்கென்று பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள், ஆனால் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதமாகும். குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எங்கள் தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். கிழிந்த வலை இருந்தால் கொஞ்சம் கொண்டுவாக்கா என்றான். மறுநாள் கொண்டுபோனேன். நன்றாக அலசி, மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, கண்ணிக்கு ஒரு ஸ்லீவாக நிற்க வைத்தான். ஒன்று இன்னொன்றைத் தொடவே முடியவில்லை.

மொரிதா அதை நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டு நோட்டில் படம் வரைந்துகொண்டார். தங்கள் தொழிற்சாலையிலும் இதைச் செய்து பார்க்கலாமா, அதற்கு அனுமதி வேண்டும் என்று குமரேசனைப் பார்த்துக் குனிந்து கேட்டார். இவனும் பதிலுக்குக் குனிந்தான். அவர் கார் கிளம்பிப் போன பிறகுதான் அவனுக்கு வாய் திரும்பி வந்தது.

“மீனு புடிக்கிற வலையில ஜப்பான்காரரயே புடிச்சிட்டோம் பாத்தியாக்கா.”

தனலட்சுமியின் கேள்வி

முதல் லாட் தேறியது. முதலாளிக்குத் தைரியம் வந்து இரண்டாம் ஷிப்ட் போட்டார். பதினோரு பேரைப் புதிதாக எடுத்தார், மூன்று லாட்டும் தேறினால் நிரந்தரம் என்ற பேச்சோடு. அதில் கம்மாபுரத்திலிருந்து வந்த தனலட்சுமியும் ஒருத்தி. இரண்டு பிள்ளைகளோடு கடலூரில் வீடு பிடித்து, பள்ளிக்கூடம் மாற்றி, எல்லாவற்றையும் இந்த ஒரு வேலையை நம்பிச் செய்துவிட்டாள். நாலே மாதத்தில் மெஷினின் சத்தத்தை வைத்தே உலோகத்தை வெட்டுகிற டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டாள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தினமும் என் அறைக் கதவைக் கால்வாசி திறந்து ஒரே கேள்வியைக் கேட்பாள். ஏசி வீணாகிறது என்று நான் சிடுசிடுப்பேன். இரண்டாம் லாட் தேறியது என்று நான் சொன்ன அன்றைக்கும், சரிக்கா என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவள் திரும்பி வந்து மறுபடியும் திறந்தாள்.

“மூணாவதப் பத்தி ஜப்பான்ல எதனா சொன்னாங்களாக்கா?”

மாஸ்டருக்கு ஒரு பொட்டு

மூன்றாம் லாட் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஓடியது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் ஒரு திருகாணி பாக்கி இருக்காது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பொரி கடலை கொடுப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் முதல் வருஷத்திலிருந்தே பொரிப் பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையதுதான். அளக்கும் கருவிகளை என் அறையிலிருந்து எடுத்துப்போய் சாமி படத்தின் முன்னால் வரிசையாக வைப்பது குமரேசன் வேலை.

அந்த வரிசையில் மாஸ்டர் ரிங் என்று ஒரு எஃகு வளையம் உண்டு. அளக்கிற கருவிக்கே அளவு சொல்லிக்கொடுக்கிற வளையம் அது. தினமும் காலையில் கருவியை அதற்குள் விட்டு, இதுதான் சரியான ஓட்டை, இதற்கு ஜீரோ காட்டு என்று பழக்கிவிட்டுத்தான் நாளை ஆரம்பிப்போம். எங்களிடம் இருந்தது அந்த ஒன்றே ஒன்று. பூஜை முடிந்து வேலை தொடங்கிய காலையில் அதைக் கையில் எடுத்தால், உள் பக்கத்தில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் ஜீரோ வைக்க வேண்டும். அது என் வேலை, சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

துணியை எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்த மறுநாளே வேதக்காரி பொட்டை அழிக்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ற ஒரு நினைப்பு. அப்படி யாரும் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. இருந்தும் துணியைக் கீழே வைத்துவிட்டேன். பொட்டோடு ஜீரோ வைத்தேன். ஓட்டை இருபது மைக்ரான் பெரிதாகக் காட்டுதே என்று குமரேசன் வந்து கேட்டபோது, இரண்டு நாள் சும்மா கிடந்த மெஷின் அப்படித்தான் இருக்கும், குறைத்துக்கொள் என்று பெரிய மனுஷியாகச் சொல்லி அனுப்பினேன். அவனும் குறைத்துக்கொண்டான். நான்கு நாள் அப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. மீதியைத் தயக்கமில்லாமல் துடைத்தேன். லாட் அதற்குள் பெட்டியில் ஏறிவிட்டது. பொட்டை உள்ளே ஏன் வைத்தான் என்று பின்னால் எல்லாம் முடிந்த பிறகு குமரேசனிடம் கேட்டேன்.

“வெளிய நம்பரு வெட்டியிருக்குதுக்கா, அது மறஞ்சிட்டா நீ திட்டுவன்னு உள்ளார வச்சேன். அதுதானே எல்லாத்துக்கும் மாஸ்டரு, அதுக்கு வைக்காம வுட முடியுமா?”

மெயில் வந்த மத்தியானம்

ஒரு மாதம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெயில் வந்தது. மூன்றாம் லாட்டில் ஒரு ஸ்லீவ்கூடத் தண்டில் ஏறவில்லை. எல்லாம் இருபது மைக்ரான் சின்னது. இருபது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பொட்டின் கனம் வளையத்தின் ஓட்டையைக் குறைத்திருந்தது, அந்தக் குறைந்த ஓட்டைக்குத்தான் நான் ஜீரோ வைத்திருந்தேன். கை வேர்த்துவிட்டது, அந்த ஏசி அறையில். காரணம் என்னவென்று ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள் என்று மொரிதா கேட்டிருந்தார். இது அவர்கள் வழக்கம். ஒரு ஏனுக்குப் பதில் எழுதினால் அந்தப் பதிலுக்கு அடுத்த ஏன்.

சபாபதி அண்ணன் கேரியரைத் திறந்தபடியே யோசனை சொன்னார். டூல் தேய்மானம் என்று எழுது, உலகத்தில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்றார். எழுதியிருக்கலாம். பதினோரு பேர் முகமும் என் முன்னால் நின்றது. உண்மையைச் சொன்னால் சாமி பொட்டில் அளவு பிடிக்கிற கம்பெனி என்று நம்மைக் கழித்துக் கட்டிவிடுவார்கள் என்றும் பயம். ஆனால் டூல் தேய்ந்தால் ஓட்டைக்கு ஓட்டை வித்தியாசப்படும். எல்லாம் ஒரே மாதிரி இருபது சின்னதாகாது. அது மொரிதாவுக்குத் தெரியாமல் போகுமா? அதைவிட, அந்தப் பொய்யை எழுதினால் பழி குமரேசன் தலையில் போய் விழும்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டைப் பார்த்ததையும், துணியை எடுத்ததையும், எதற்காக வைத்தேன் என்பதையும். கோபப்படுவார் என்று நினைத்தேன். எனக்கான அடுக்கை என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இத்தினி வருசமா எங்கூட்டுச் சோத்தத் திங்கிற. ஒரு பொட்டத் தொடைக்கட்டுமாண்ணேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மா?”

ஐந்து ஏன்

உண்மையையே எழுதுவது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, பதினோரு பேருக்கு நீதான் பதில் சொல்லணும் என்று மட்டும் சொன்னார். எழுதினேன். ஏன் ஓட்டை சின்னதானது? ஜீரோ தப்பாக வைத்ததால். ஏன் தப்பானது? வளையத்துக்குள் சந்தனம் இருந்ததால். ஏன் சந்தனம்? எங்களுக்குச் சோறு போடுகிற கருவிகளை வருஷத்தில் ஒருநாள் கும்பிடுவதால். ஏன் துடைக்கவில்லை? தரம் பார்க்கிற ஆரோக்கியமேரி துடைக்கவில்லை. ஏன்? உடன் வேலை செய்கிறவர்கள் மனசு நோகும் என்று அவர்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டதால்.

ஐந்தாவதை எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அமுக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அதற்கப்புறம் நாலு நாள் பதிலே இல்லை. தனலட்சுமி கதவைத் திறக்கிற நேரத்தில் நான் பாத்ரூமுக்குப் போய்விடுவேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. முதலில் ஒரு போட்டோ. மொரிதாவின் தொழிற்சாலை, பெரிய மெஷின் ஒன்றின் தலைமேல் வெள்ளை வெளேரென்று இரண்டு உருண்டை அரிசிமாவுப் பலகாரம், அதற்கு மேல் ஒரு ஆரஞ்சுப் பழம், சுற்றிலும் வைக்கோல் கயிறு. நான் நாற்காலியோடு திரும்பி எல்லோரையும் கூப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அறை வெப்பம் இருபத்தைந்தைத் தாண்டியது, நான் ஒன்றும் சொல்லவில்லை. போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததை நான் சத்தமாகத் தமிழில் படித்தேன்.

“புத்தாண்டில் நாங்களும் மெஷினுக்குப் படைக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் அளவுக் கருவிகளைப் பூட்டி வைத்துவிடுவோம், ஏனென்றால் இதே தவறை நான் ஒருமுறை செய்தேன். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. முதல் லாட்டை அனுப்புங்கள்.”

மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று

மன்னித்தார், ஆனால் ஒரு மைக்ரான்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவரைக் கும்பிட வேண்டும். திரும்பி வந்த லாட்டை ஒவ்வொன்றாகப் பிடித்து உள் ஓட்டையைச் சரியாகக் கடைந்தோம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே வந்தார்கள். மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்த என்னைப் பார்த்து, சாமிகிட்ட எங்க பேரையும் சொன்னியா என்று குமரேசன் விசாரித்தான். சொன்னேன், பதினோரு பேரையும் சேர்த்து. அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் மூன்று லாட் போயின. மூன்றும் தேறின. வருஷ ஆர்டர் வந்த அன்றைக்கு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நானே கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். தனலட்சுமி வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கேள்வியைக் கேட்கவில்லை. கையில் இருந்த டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள்தான் முதலில் பேசினாள்.

“கதவச் சாத்துக்கா, ஏசி வீணாப்போவுது.”

அடுத்த ஆயுத பூஜை

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அளவுக் கருவிகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மொரிதா சொன்னபடி. பூஜை நாளில் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்து பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மெஷின்களுக்குப் பொட்டு வைத்து முடித்த சபாபதி அண்ணன், சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்றார். பின்னாலேயே குமரேசன், தனலட்சுமி, முதலாளி. என்ன தப்பு செய்தேன் என்று எழுந்து நின்றேன்.

கருவிகளை எடு என்றார் அண்ணன். முடியாது என்றேன், ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சோறு போட்டது அதுதானேம்மா, அதுக்கு இல்லாத பூஜை எதுக்கு என்றார். பீரோவைத் திறந்தேன். மாஸ்டர் ரிங்கை அதன் மரப்பெட்டியோடு எடுத்து மேஜையில் வைத்தேன், பெட்டியைத் திறக்காமல். அண்ணன் பொட்டு வைப்பார் என்று தள்ளி நின்றேன். அவர் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நானா என்றேன். என் கழுத்தில் மாதா படம் போட்ட செயின் வெளியே தெரிந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பெட்டியின் மூடிமேல், நடுவில், என் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். பழக்கமில்லாத கை, அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

“இனிமே வருசா வருசம் நீதான் வைக்கணும். எங்க வைக்கக் கூடாதுன்னு எங்க யாருக்கும் உன்ன மாரித் தெரியாது.”

பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் குறையை மைக்ரான் கணக்கில் அளந்தவளுக்கு, என்னைச் சுற்றி இருந்தவர்களின் மனசை அளக்கத் தெரியாமல்தான் ஒரு லாட்டே ஜப்பான் வரை போய்த் திரும்பி வந்தது.